ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்த கடிகாரம்

ஆடு முருங்கைக்கன்றைத் தின்றுகொண்டிருந்தது. வேதசிரோமணி வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆட்ட வெரட்டுங்களேன்! ஆசையா வச்ச கன்னுல்லா!" என்று எதிர்வீட்டு முத்தாத்தாள் கத்தினாள்.

வாத்தியார் அசையவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடு விரட்டுவது வேலையில் சேருமா சேராதா என்று மனசுக்குள் வழக்கு நடத்தி, வேலைதான் என்று அவர் தீர்ப்பு எழுதி முடிப்பதற்குள் கன்று வெறும் குச்சியாகிவிட்டது. ஆடு ஏப்பம் விடாத குறையாக அடுத்த வீட்டுக்குப் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைச் 'சனிக்கிழமை வாத்தியார்' என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் ஒன்றும் தப்பாக வைக்கவில்லை. வேதத்தின் பத்துக் கட்டளைகளில் நாலாவதான நாலாம் கற்பனையின்படி, ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அவர் கொள்கை. துரும்பு தானாக நகருமா? ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் துரும்புகளையெல்லாம் சனிக்கிழமையே நகர்த்தி வைத்துவிட வேண்டும். தண்ணீர் இறைத்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, வேட்டி மடித்து, செருப்பைக்கூட வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட வேண்டும். கொள்கை அப்பாவுடையது. துரும்புகளை நகர்த்தியது மகள் அருள்செல்வி. அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

"ஓய்வுநாள் ஆண்டவர் குடுத்தது. அதுக்கு முந்தின நாள எங்கப்பா குடுத்தாவ" என்று சக டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வாய்க்காரி. ஆனால் அப்பாவின் மேல் உயிர்.

அந்த ஓய்வுநாள்தான் அவள் கல்யாணத்துக்கு உலை வைத்தது. 1935-இல் தேவதானத்திலிருந்து ஓர் அம்மாள் மகனுக்குப் பெண் கேட்டு வந்தாள். மகன் பெயர் தேவஇரக்கம், ராஜபாளையம் ரயில்வே ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். கிறிஸ்துமஸ் பாடல் பவனியில் அடித்தொண்டையில் பாடுகிறவன். அந்தத் தொண்டையை அருள்செல்வி இரண்டு கிறிஸ்துமஸாகக் கவனித்து வைத்திருந்தாள். குடும்பம் நல்ல குடும்பம், பையன் வெற்றிலைகூடப் போடமாட்டான். எல்லாம் கூடி வந்த நேரத்தில் வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்கு ஞாயித்துக்கிழம லீவு உண்டுமா?"

"மாசத்துல ரெண்டு ஞாயிறு டூட்டி வருங்கய்யா" என்றான் தேவஇரக்கம். சும்மா இருந்திருக்கலாம். மேலும் ஒன்று சொன்னான். "ரயிலுக்குக் கெழம தெரியாதுல்லா."

"ஒமக்குத் தெரியணும்லா?" என்றார் வாத்தியார். அவ்வளவுதான். பலகாரத் தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. "ஞாயித்துக்கிழம கொடி காட்டுதவனுக்கு எம்மவளக் குடுக்க மாட்டேன்" என்று வேதக்கோயில் வாசலிலேயே நின்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். நாலு பேரிடம் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

அருள்செல்வி அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை. அன்று இரவு சோறு போடும்போதே பளிச்சென்று சொல்லிவிட்டாள். "அப்பா, ஒங்க வாயால சரின்னு சொல்லாம நான் இந்த வாசலத் தாண்ட மாட்டேன். ஆனா, வேற ஒருத்தர் கொண்டுவார தாலிக்குக் கழுத்தும் நீட்ட மாட்டேன். நான் காத்திருக்கேன்."

"காத்திரு" என்றார் அப்பா. பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு.

மூன்று வருஷம் போயிற்று. அவளுக்கு இருபத்தேழு ஆனது. 'பொண்ணுக்கு வயசு போகுதே' என்று ஊர் அவள் காதுபடவே பேச ஆரம்பித்தது. அவள் கேட்காதது போல நடந்தாள். உள்ளுக்குள் வலித்தது.

1938 ஆடி மாதம் வாத்தியாருக்கே ஒரு சோதனை வந்தது. சுவர்க் கடிகாரத்துக்குச் சனிக்கிழமைதோறும் சாவி கொடுப்பது அவர் வழக்கம். ஒரு சனிக்கிழமை வத்திராயிருப்பில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுக் களைத்து வந்தவர் சாவி கொடுக்க மறந்து படுத்துவிட்டார். ஞாயிறு விடியுமுன் கடிகாரம் நாலு இருபதில் நின்றுபோனது. சாவி கையெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்குகிறது. கொடுக்கலாமா? கூடாது. சரி, கோயில் மணியைக் கேட்டுப் புறப்படலாம் என்றால், அம்மியே பறக்கிற ஆடிக்காற்றில் மணிச்சத்தம் எம்மாத்திரம்! செண்பகத்தோப்புப் பக்கத்து மலையிலிருந்து இறங்குகிற காற்று அதைக் கிழக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டது. வானமும் மூட்டம். மகள் வெயிலைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஏழு மணி இருக்கும்ப்பா" என்றாள். அப்பாவும் மகளும் நிதானமாகப் புறப்பட்டு, நிதானமாக நடந்து கோயிலுக்குள் நுழைந்தபோது குருவானவர் கைகளை உயர்த்தி முடிவு ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேதபாடம் வாசிக்க வேண்டிய ஆள் வேதசிரோமணி வாத்தியார். சபையே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நாற்பது வருஷத்து மானம் போயிற்று. வாத்தியார் ஒரு வாரம் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் ஓர் ஏலம் நடந்தது. பஞ்சாலைக்கு மிஷின் பூட்ட வந்திருந்த ஒரு துரை வேலை முடிந்து சீமைக்குக் கப்பலேறப் போகிறார். சாமான்களையெல்லாம் ஏலத்தில் விட்டார். அச்சடித்த நோட்டீசில் ஒரு வரி வாத்தியாரின் கண்ணில் பட்டது. 'பழம்பொருள் சேர்க்கும் கனவான்கள் கவனத்துக்கு: தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் அமெரிக்க மேஜைக் கடிகாரம்.'

"அருளு! இங்க பாரேன். ஆளே தொட வேண்டாமாம்!" என்று அவர் துள்ளிய துள்ளலை அருள்செல்வி அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏலத்தில் கடிகாரம் மேஜைமேல் ஏறியது. கறுப்பு மரப்பெட்டி, பித்தளைக் கால்கள், வெள்ளை முகம், ரோமன் எழுத்து. ஏலம் கூறிய சமுத்திரம் என்பவன், "ராசாக்கமார் வீட்டுல இருக்க வேண்டிய சரக்கு!" என்று முழங்கினான். பழம்பொருள் சேர்க்கும் கனவான் என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், சரிகைத் துண்டு போட்ட, தெலுங்கு பேசுகிற ராஜு ஒருவர். அவர் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏமண்டி, சாவி லேதா?"

"சாவியே வேண்டாங்க. அதுதான இதுல விசேசம்!" என்றான் சமுத்திரம்.

ராஜு உதட்டைப் பிதுக்கினார். "விருந்தாளுங்க வந்து உக்காந்திருக்கப்ப எந்திரிச்சுப் போயி நாலு முறுக்கு முறுக்கினாத்தான்யா கடியாரம் நம்ம கடியாரம். அது பாட்டுக்கு ஓடுமின்னா நான் எதுக்கு வீட்டுல?"

கனவான் விலகிக்கொண்டார். வேறு ஆள் இல்லை. கடிகாரம் வாத்தியாரின் மடியில் உட்கார்ந்து மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தது. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு சரியான நேரத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். ஒன்பது நிமிஷம் முன்னதாகவே. வாத்தியார் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. திரும்பி வந்து பழங்குழம்பும் ஆறிப்போன சோறும் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். தெரு அடங்கி, வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அது கேட்டது.

கிர்ர்ர்ர்... டக்.

"எலியாட்டி?" என்றார்.

அருள்செல்வி பெட்டியின்மேல் காதை வைத்துக் காத்திருந்தாள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கிர்ர்ர்ர்... டக்.

"எலி இல்லப்பா. கடிகாரந்தான். தனக்குத் தானே சாவி குடுத்துக்கிடுது."

"என்னைக்கு?"

"இன்னைக்குத்தான். இந்தா, இப்பத்தான்."

"ஞாயித்துக்கிழமையிலயா!"

வாத்தியார் முகம் வெளிறிவிட்டது. வார நாட்களில் தெருச் சத்தத்தில் இது கேட்டதே இல்லை. ஓய்வுநாள் அமைதியில்தான் குட்டு வெளிப்பட்டது. நாலாம் கற்பனையை அவர் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். வீட்டுக்காரன் மட்டும் ஓய்ந்திருந்தால் போதாதே! வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் அல்லவா ஓய்ந்திருக்க வேண்டும்?

"அருளு, கடிகாரம் இந்தக் கணக்குல வருமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கேட்டார்.

"மாட்டைக் காட்டியும் அதிகமால்லா உழைக்குது! மணிக்கொருதரம்!" என்றாள் மகள். சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கே போய் நின்ற பிறகுதான் அவளுக்குள் ஒரு யோசனை ஓடியது. அதோடு சிரிப்பும் நின்றது.

மறுநாள் வாத்தியார் பெட்டியின் முதுகுக் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு தடித்த பேட்டரிக்கட்டைகளும் செம்புக்கம்பிச் சுருளும் இருந்தன. கரண்டு என்றால் அவருக்குக் குலைநடுக்கம். சனிக்கிழமை சாயங்காலம் இதை நிறுத்தி, திங்கட்கிழமை காலையில் மறுபடி ஓட்டிவிட ஓர் ஆள் வேண்டும். ஞாயிறு கோயில் நேரத்துக்குச் சனிக்கிழமையே சாவி கொடுத்த பழைய சுவர்க் கடிகாரம் இருக்கவே இருக்கிறது. தபாலாபீசில் கேட்டார். அவர்களுக்கு நேரமில்லை.

"பேட்டரி தெரிஞ்ச ஆளுக்கு எங்க போவேன்?" என்று புலம்பினார்.

அருள்செல்வி அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "ரயில்வே ஸ்டேஷன்ல தந்தி மிஷினுக்கெல்லாம் பேட்டரிதானாம். ராஜபாளையத்துல கேட்டா யாராவது இருப்பாக."

வாத்தியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். சொளகில் அரிசி ஒரே தாளத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் தேவஇரக்கம் சைக்கிளில் வந்து இறங்கினான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் கால் வைக்கிறான். வாத்தியார் நாற்காலியைக் கடிகாரத்துக்கும் அடுப்படிக் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, கடிகாரத்துக்காகத்தான் கூப்பிட்டேன். வேற பேச்சு கூடாது."

"சரிங்கய்யா."

அவன் முதுகுக் கதவைத் திறந்து, இடதுபக்கத் திருகு ஒன்றை அரைச் சுற்றுத் தளர்த்திக் கம்பியை விலக்கினான். ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினான். வேலை முடிந்தது. மொத்தம் இவ்வளவுதான். காப்பி கொண்டுவந்த அருள்செல்வி அந்த அரைச் சுற்றை நன்றாகப் பார்த்துவிட்டாள். ஒரு சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லையே!

திங்கட்கிழமை காலையில் மறுபடி வந்தான். மதராசிலிருந்து தினமும் தந்தியில் வரும் நேரத்துக்குத் திருத்தி வைத்த ரயில்வே வாட்ச்சைப் பார்த்து முள்ளைச் சரிசெய்து ஓட்டிவிட்டுப் போனான். இப்படியாக ஓய்வுநாளை மீறுகிறவன் என்று துரத்தப்பட்டவன், ஓய்வுநாளைக் காப்பாற்றுவதற்காக வாரத்துக்கு இரண்டு தடவை அந்த வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தான். சனியோ திங்களோ டூட்டி விழுகிற வாரங்களில்கூட எப்படியோ யாரோடோ முறை மாற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

கொடுத்த வாக்கை அவன் மீறவில்லை. கடிகாரப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

"கடிகாரம் சுகமா இருக்கா?" என்று காப்பித் தம்ளரைப் பார்த்துக் கேட்பான்.

"இருக்கு. ரெண்டு நாளா சரியாத் தூங்கலை" என்பாள் அருள்செல்வி.

"கடிகாரம் எங்க தூங்கும்?" என்று வாத்தியார் நடுவில் புகுவார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத பிள்ளைகளாகக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஆடி போய் ஆவணி வந்தது. பிறகு புரட்டாசி, ஐப்பசி. வாத்தியார் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். நாற்காலி நடுவிலிருந்து சுவர் ஓரமாக நகர்ந்திருந்தது. ஒரு தடவை, "தம்பி மெலிஞ்சு போயிட்டீரே, ஸ்டேஷன்ல சாப்பாடு எப்படி?" என்றுகூடக் கேட்டுவிட்டார். ஆனாலும் மற்ற பேச்சு அவர் நாக்கு நுனிவரை வரும், நாலு பேரிடம் சொன்ன சொல் அதை உள்ளே தள்ளிவிடும். அருள்செல்வி ஒவ்வொரு திங்கட்கிழமையும் சைக்கிள் திரும்பும் முனைவரை பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் தேவஇரக்கம் வரவில்லை. ரயில் பாலத்தில் வெள்ளம், அவனால் ஸ்டேஷனை விட்டு நகர முடியவில்லை என்று ஓர் ஆள் குடையோடு வந்து சொல்லிவிட்டுப் போனான். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். அருள்செல்வியும் பார்த்தாள். யாரும் திருகைத் தொடவில்லை. விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்கள்.

ஞாயிறு கோயில் முடிந்து வந்தார்கள். மழை விட்டிருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே கிர்ர்ர்ர்... டக். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மறுபடியும். வாத்தியார் கையை உதறிவிட்டு எழுந்தார். நிறுத்தப் போனால் அது வேலை. விட்டுவைத்தால் வீட்டுக்குள் வேலை நடக்கிறது. கடிகாரத்துக்கு முன்னால் போவதும் வருவதுமாக நடந்தார்.

"நேத்து சாயங்காலமே நிறுத்தியிருக்கலாமே" என்றாள் அருள்செல்வி. "ஒரே ஒரு திருகுதானப்பா. அரைச் சுத்து."

அவர் நின்றார். "ஒனக்குத் தெரியுமா?"

"மொதல் சனிக்கிழமையே தெரியும்."

"பொறவு ஏன் நிறுத்தல?"

"அவிய வரட்டும்னு காத்திருந்தேன்."

"விடிய விடியவா?"

அருள்செல்விக்கு அன்றைக்கு வேடிக்கை பேச வரவில்லை. மூன்று வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது.

"மூணு வருசமாப்பா. காத்திருக்கது வேலை இல்லைன்னா நெனைக்கீக? அதவிடக் கஷ்டமான வேலை ஒலகத்துல எதுவுமே இல்ல. தண்ணி எறைக்கேன், சோறு வடிக்கேன், அதுக்கெல்லாம் எனக்கு ஒருநாள் லீவு தாரீக. இந்த ஒரு வேலைக்கு ஞாயித்துக்கிழமகூட எனக்கு லீவு கெடையாது. கோயில்ல முழங்கால்ல நிக்கும்போதும் அந்த வேலையத்தான் பாக்கேன். கடிகாரம் உழைக்குதேன்னு நாலு மாசமா கெடந்து தவிக்கீக. நானும் இந்த வீட்டுலதானப்பா இருக்கேன்."

அவள் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"மூணேகால் வண்டி ஓடுதா இன்னைக்கு?"

"என்னப்பா?"

"ராஜபாளையம் வண்டி. ஓடுதான்னு கேட்டேன். சேலைய மாத்திட்டுக் கெளம்புட்டி."

"அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழம!"

"கெழம தெரியாத ஆளா நான்?" என்றார் வாத்தியார்.

ஸ்டேஷன்வரை சேற்றில் நடந்தார்கள். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்க்காமலே, "அந்தத் திருகு எடதுகைப் பக்கந்தான இருக்கு? நானும் மொதல் நாளே பாத்தேன்" என்றார். அருள்செல்விக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. டிக்கெட் ஜன்னலில் அவர் தன் கையாலேயே சில்லறையை நீட்டினார். அறுபத்திரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறுவது அதுதான் முதல் தடவை. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜபாளையம் பிளாட்பாரத்தில் வெள்ளைக் கோட்டும் பச்சைக் கொடியுமாக தேவஇரக்கம் நின்றிருந்தான். முகத்தில் இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலிலிருந்து வேதசிரோமணி வாத்தியார் இறங்குவதைப் பார்த்ததும் அவன் வெலவெலத்துப் போனான். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தான். கொடியோடு ஓடி வந்தான்.

"ஐயா, என்னாச்சு? வீட்டுல எல்லாரும்..."

வாத்தியார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஏலே, மொதல்ல வண்டிய அனுப்பு. ஜனங்க காத்துக் கெடக்காகல்லா."

தம்பி என்றே நாலு மாதமாக எட்டி நின்று கூப்பிட்டவர் ஏலே என்கிறார். அவன் ஒன்றும் புரியாமல் போய்க் கொடியை அசைத்தான். வண்டி ஊதிவிட்டு நகர்ந்தது. கடைசிப் பெட்டி தாண்டியதும் வந்து நின்றான்.

"எம்மவகிட்ட மூணு வருசமா லீவே குடுக்காம வேலை வாங்கிட்டேம்லே" என்றார் வாத்தியார். கனைத்துக்கொண்டார். "கோயில் வாசல்ல நாலு பேர்ட்ட முடியாதுன்னு சொன்னேன். அதே வாசல்ல அதே நாலு பேர்ட்ட, குடுக்கேன்னு வார ஞாயிறு சொல்லுதேன். ஒனக்குச் சம்மதந்தான?"

தேவஇரக்கம் வாயைத் திறந்தான். அடித்தொண்டைக்காரனுக்குச் சத்தமே வரவில்லை. கொடியைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தான். கடைசியில், "டூட்டி ஆறு மணி வரைக்கும் இருக்கு, மாமா" என்றான்.

"இருக்கட்டுமேலே. முடிச்சிட்டு வா."

அவர் பிளாட்பாரத்து பெஞ்சைத் துண்டால் துடைத்தார். மகளை அதில் உட்கார வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அருள்செல்வி எழுந்து அவன் போன பக்கம் எட்டிப் பார்க்கப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ செத்த நேரம் சும்மா இருட்டி. இன்னைக்கு நான் காத்திருக்கேன்."